மூன்றாவது ஜாடி

காட்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பாடம் செய்த பறவையை அந்துப்பூச்சி அரிக்காமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் காலையில் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் அதையே சொன்னால் அரைத்த மாவையே அரைத்த மாதிரி இருக்கும். மதியச் சாப்பாடு வேறு ஆகிவிட்டது, உங்களில் பாதிப் பேர் கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அதனால் ஒரு ஜாடியைப் பற்றிப் பேசுகிறேன். பார்க்க நன்றாயில்லை என்று நாங்கள் கண்காட்சியில் வைக்காமல் விட்ட ஜாடி.

அப்போது நான் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க நாற்காலிக்கு வந்த முதல் ஆள் நான். நாற்காலி என்று பேருக்குச் சொல்கிறேன், எந்நேரமும் ஏணி மேல்தான் நின்றுகொண்டிருப்பேன். ஆட்சி மாறியிருந்த காலம் அது. மேடையில் பேசுகிற அடுக்குமொழி மெல்ல அலுவலகத்துக்குள்ளும் வந்துவிட்டது. எதுகை மோனை இல்லாமல் ஒரு அறிவிப்புப் பலகை எழுதிவிட முடியாது. ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதுவதற்கே எங்கள் காப்பாட்சியர் அரை நாள் யோசிப்பார். அவரிடம்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

வெளியே வயல்களில் நிலைமை வேறு. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு. நிலத்தை உழுது பயிர் செய்கிறவர் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்ய வேண்டும் எனச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறுவதற்குள் ஆளை வெளியேற்றிவிட வேண்டும் என்று சில மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். இதற்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

பொங்கல் விடுமுறையை ஒட்டி ஒரு தற்காலிகக் கண்காட்சி போட உத்தரவு வந்தது. ‘பறவைகளும் ஆராய்ச்சியும்’ என்பது பொருள். விவசாய இலாகாவும் கூட்டுச் சேர்ந்திருந்தது. எல்லா இடத்திலும் செய்வதுபோல நாலு மயில், இரண்டு ஆந்தை என்று வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். காப்பாட்சியருக்கு அது பிடிக்கவில்லை. இந்த மண்ணில் நடக்கிற ஆராய்ச்சி வேண்டும் என்று தேடி, பரீதா டீச்சரைக் கண்டுபிடித்தார்.

பரீதா டீச்சர் கூத்தாநல்லூர்க்காரர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். அவர் வீட்டு ஆண்கள் எல்லாம் வியாபாரத்துக்குக் கப்பல் ஏறினார்கள், இவர் பஸ் ஏறி வயல் வரப்புக்குப் போனார். தூக்கணாங்குருவி என்ன தின்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கேட்க எளிதாக இருக்கும். பறவையின் தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்துவைக்க ஒரு பை உண்டு. அதைத் திறந்து பார்த்தால் அன்று காலை அது எங்கே போனது, என்ன எடுத்தது என்று தெரியும். இப்படி மாதா மாதம் பார்த்து, கிடைத்ததை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தார். அதில் மூன்று ஜாடிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

முதல் ஜாடியில் வெட்டுக்கிளிக் கால்கள், பச்சைப் புழுக்கள், வண்டின் மினுமினுப்பான இறக்கை. எல்லாம் குஞ்சுகளின் பையிலிருந்து எடுத்தவை. பார்த்தால் நகராமல் நிற்கத் தோன்றும். இரண்டாவதில் அறுவடைக்குப் பின் வயலில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிய நெல். அதுவும் பளிச்சென்று இருந்தது. மூன்றாவதில் வெள்ளையாக ஏதோ கூழ். அது குஞ்சு வளர்க்கிற பருவத்தில் பிடித்த தாய் தகப்பன் பறவைகளின் பையில் இருந்தது.

“என்ன டீச்சர், பால் திரிஞ்ச மாதிரி இருக்கு?” என்றேன்.

“அது மாவு. ஆராய்ச்சியில அதான் எனக்கு ரொம்ப முக்கியம்” என்றார்.

காப்பாட்சியருக்கு ஒரு விதி உண்டு. ஒரு எட்டு தள்ளி நின்று பார்க்கிற ஆளுக்கு அடையாளம் தெரியாத பொருளைக் கண்ணாடிக்குள் வைக்கக் கூடாது. நல்ல விதிதான். இன்றைக்கும் உங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த விதிப்படி மூன்றாவது ஜாடி கிடங்குக்குப் போனது. டீச்சர் முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை.

அடுத்தது பலகை. டீச்சர் எழுதிக்கொடுத்த வாசகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் இப்பறவை தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளை ஊட்டுகிறது, அதே மாதங்களில் வளர்ந்த பறவைகள் மாவுப் பொருள் நிறைந்த இரையை எடுப்பதாகத் தெரிகிறது, இது மேலும் ஆராயத்தக்கது.

“இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள குருவி முட்டையே போட்டுடும்மா” என்றார் காப்பாட்சியர். விவசாய இலாகா அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். மாதம் போனது, குஞ்சு போனது, ‘மேலும் ஆராயத்தக்கது’ போனது. கடைசியில் காப்பாட்சியர் எழுதியது இது:

‘பயிரைத் தின்னாது, பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்னும். பறவை, பாட்டாளியின் பங்காளி.’

படித்ததும் கைதட்டத் தோன்றியது எனக்கு. பெரிய எழுத்தில் நான்தான் வரைந்தேன். வழவழவென்ற பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, கீழே பாடம் செய்த தூக்கணாங்குருவி ஜோடி, பக்கத்தில் நிஜக் கூடு. கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலகையைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே போனார்கள். காப்பாட்சியர் தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்பார். அவர் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

கண்காட்சி நன்றாகச் சூடுபிடித்திருந்த சமயத்தில் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கையில் தோல்பை. திருப்பனந்தாள் பக்கத்து மிராசு ஒருவரின் காரியஸ்தர் என்று சொல்லிக்கொண்டார். பலகையில் இருந்ததை எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு நேராகக் காப்பாட்சியரிடம் போனார்.

“எழுத்து அபாரம் சார். இதுல ஒரு முத்திரை வச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமா இருக்கும்.”

காப்பாட்சியர் பாராட்டில் குளிர்ந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டார். முத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான், “எதுக்குங்க?” என்று கேட்டார்.

“ரெவின்யூ கோர்ட்டுல ஒரு சின்ன வெவகாரம். எங்க குத்தகைக்காரப் பொம்பளை ஒருத்தி, குருவி தின்னுடுச்சு, அதான் வெளைச்சல் இல்லைங்கிறா. குருவி நெல்லே தின்னாதுன்னு சர்க்காரே எழுதி வச்சிருக்கே சார்!”

காப்பாட்சியரின் கை நின்றது. முத்திரையை மெதுவாகத் திரும்ப உள்ளே வைத்தார். எழுத்தில் மனு கொடுங்கள், மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார். காரியஸ்தர் கோபப்படவே இல்லை.

“பரவாயில்லைங்க சார். அடுத்த வாரம் விசாரணை. அதிகாரியையே இங்க அழைச்சிட்டு வந்துடறேன். சொவத்துல இருக்கறதை அவரே படிச்சுக்கட்டும்.”

அவர் போன பிறகு காப்பாட்சியர் கூடத்துக்குப் போய்ப் பலகையை ஒரு தடவை படித்துவிட்டு வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

மறுநாளே அந்தப் பெண் வந்துவிட்டார். காரியஸ்தர் ஊரில் போய்ச் சும்மா இருந்திருக்க மாட்டார், சர்க்கார் பலகையைப் பற்றி டீக்கடையில் சொல்லியிருப்பார். பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையோடு சேர்ந்து உள்ளே வந்து, குருவிப் பெட்டியின் முன்னால் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க.”

படித்தேன்.

“மொத வரிய இன்னொருக்கா படிங்க.”

படித்தேன். அதுவரைக்கும் அது எனக்கு நல்ல எழுத்தாகத்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தபோதுதான் உறுத்தியது.

“அப்ப எங்க நெல்லு எங்கதான் போச்சு?” என்றார். சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

உட்கார வைத்து விசாரித்தோம். புருஷன் இறந்த பிறகு குத்தகை நிலத்தை அவரே பயிர் செய்துவந்தார். போன குறுவைக்கு, விவசாய இலாகா கொடுத்த புது விதையைத் தைரியமாகப் போட்டிருக்கிறார். பயிர் ஜோராக வந்தது. ஆனால் முற்றின கதிர் பாரத்தில் தலை சாய வேண்டும் இல்லையா, அவர் வயலில் பாதிக் கதிர் நிமிர்ந்தே நின்றது. அறுத்துத் தூற்றியபோது பதராகப் பறந்துபோனது. நெல் களத்துக்கு வருவதற்கு முன்பே அதை மறைத்து விற்றுவிட்டார் என்பது மிராசின் வழக்கு. அப்படி மறைத்தது உண்மையென்று ஆனால் குத்தகை போய்விடும், பதிவில் பெயரும் ஏறாது.

“நெலம் போனாக்கூட எங்கயாச்சும் நடவுக்குப் போயிப் பொழைச்சுக்குவேன் சார். களவாணிங்கிற பேரோட அந்த ஊருல எப்படி இருக்கறது?” என்றார்.

காப்பாட்சியர் அன்றைக்கே பரீதா டீச்சருக்கு ஆள் அனுப்பினார். டீச்சர் வந்து முழுக் கதையையும் கேட்டார். எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தார், பிறகு என்னிடம், “அந்த மூணாவது ஜாடி எங்க இருக்கு?” என்றார்.

கிடங்கிலிருந்து எடுத்து வந்தேன். டீச்சர் ஒரு கண்ணாடித் தட்டில் அந்தக் கூழைத் துளி எடுத்து வைத்துவிட்டு, “இங்க டிங்க்சர் இருக்கா?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் எந்த அலுவலகத்திலும் முதலுதவிப் பெட்டியில் வேறு எது இல்லாவிட்டாலும் டிங்க்சர் அயோடின் இருக்கும். ஒரு சொட்டு விட்டார். வெள்ளைக் கூழ் எங்கள் கண் முன்னாலேயே நாவற்பழ நிறத்துக்கு மாறியது. மாவுச்சத்து இருந்தால் அப்படித்தான் மாறும் என்றார்.

“நெல்லு கெட்டியாகறதுக்கு முன்னாடி உள்ள பால் மாதிரி இருக்கும்ல, அதைக் குருவி நசுக்கி உறிஞ்சிடும். உமி கதிர்லயே நின்னுடும். அதே குருவிதான் குஞ்சுக்குப் புழுவும் கொண்டு போகுது. ரெண்டும் நெசம். நீங்க ஒண்ணை மட்டும் மாட்டினீங்க, பாத்தா என்னன்னு தெரியலைன்னு ஜாடிய ஒதுக்கினப்ப நானும் சரின்னுட்டேன்.”

“அப்ப குருவிதான் தின்னுச்சுன்னு எழுதிடலாம்ல?” என்றேன்.

“பொறுங்க. இந்த அக்கா வயல்ல மட்டும் ஏன் தின்னுச்சு?”

அஞ்சலைக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “நீங்களும் அதையே கேக்குறீங்களே! பக்கத்து வயல்ல நட்டமே இல்லையே, குருவி ஒன் வயலுக்கு மட்டும் வழி கேட்டு வந்துச்சான்னு அவங்க வக்கீலும் இதத்தான் கேட்டாரு.”

“அவரு ஒங்க வாய அடைக்கறதுக்குக் கேட்டாரு. நான் பதில் தெரியணும்னு கேக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் நானும் பஸ் ஏறி அஞ்சலையின் ஊருக்குப் போனோம். காட்சிப் பொருள் செய்கிறவன் வயலில் என்ன செய்யப் போகிறாய் என்று காப்பாட்சியர் தடுக்கவில்லை. வாய்க்கால் கரையில் வரிசையாகப் பனை, ஓலைகளில் பழைய கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. குறுவைக்குப் பிறகு அதே வயலில் நட்ட அஞ்சலையின் தாளடிப் பயிர் பால் பிடித்து நின்றது. வழக்கு எதிராகப் போனால் அதை அவர் அறுக்கப் போவதில்லை.

டீச்சர் கேட்டுக்கொண்டே வரப்பில் நடந்தார். பனை எல்லா வயலுக்கும் பக்கத்தில்தானே இருக்கிறது? வெயிலா, நிழலா? காவலுக்கு யாரும் நின்றார்களா? பக்கத்து வயல்களிலும் குறுவைதானே? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. பேச்சுவாக்கில் அஞ்சலை, அந்தப் புது நெல்லைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்:

“நட்டம் ஆச்சுதான், ஆனா பயிரு அழகு டீச்சரம்மா. ஊருல எல்லாரும் பழைய நெல்லுதான் போட்டாங்க. அவங்க பயிரு இன்னும் தொண்டைக்கதிரா, கதிரு தாளுக்குள்ளயே இருக்கறப்பவே என்னது வெளிய வந்துடுச்சு. ஊரே வந்து வேடிக்கை பாத்துட்டுப் போச்சு.”

டீச்சர் வரப்பிலேயே நின்றுவிட்டார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பனையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஊரு மட்டுமா வந்து பாத்துச்சு? கல்யாண வீட்டுல ஒரே ஒரு பந்திதான் போட்டிருக்குன்னா எல்லாரும் எங்க போயி உக்காருவாங்க?”

எனக்குக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் உறைத்தது. சுற்று வட்டாரத்தில் எங்கும் பால் பிடித்த கதிர் இல்லாத நாட்களில் இந்த ஒரு வயலில் மட்டும் இருந்தது. இத்தனை பனையின் குருவியும் இங்கேதான் இறங்கியிருக்க வேண்டும். பக்கத்து வயல்கள் பால் பிடித்தபோது ஊர் முழுக்கவே பால் பிடித்துவிட்டது. குருவிகள் பரவிப் போயின, தனியாக யாருக்கும் நட்டம் தெரியவில்லை. டீச்சர் உடனே, “இது என் யோசனைதான். இன்னும் யாரும் கணக்காப் பாக்கல” என்றார். பால் பிடித்த கதிர் ஒன்றை அஞ்சலையிடம் கேட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார்.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அடுத்த நாள்தான் தலைவலியே ஆரம்பித்தது. விஷயம் கசிந்து காப்பாட்சியரின் அறைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் விவசாய இலாகா அதிகாரி.

“புது விதை போட்டா குருவி தின்னுடும்னு எழுதப் போறீங்களா? நாங்க ஊர் ஊரா மைக் கட்டி விதை குடுத்துட்டிருக்கோம் சார். பலகையில கை வைக்காதீங்க, மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

அவர் எழுந்து போவதற்குள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார், தோளில் சிவப்புத் துண்டு. அஞ்சலைக்காக ஆரம்பத்திலிருந்து அலைகிறவர், நல்ல மனுஷன். “நீட்டி முழக்க வேணாம் சார். ‘குருவி நெல்லைத் தின்னும், விளைச்சலையே அழிக்கும்’னு ஒரு வரி. ஏழைக்காக ஒரு வரி எழுத ஒங்களுக்குக் கை வராதா?”

எனக்குக் கை வந்தது. தூரிகையை எடுத்து அந்த நிமிஷமே எழுதியிருப்பேன். நெல்லை ஒளித்திருக்கிறாரா என்று என் அப்பாவைக் களத்தில் மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். அதைச் சொன்னேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த அறையிலேயே இருந்த பரீதா டீச்சர் முழுவதும் கேட்டார்.

“ஒங்க கோவம் எனக்கும் இருக்கு. ஆனா அழகா ஒரு பெரிய வரி எழுதித்தானே இதுல மாட்டுனோம்? இன்னொரு பெரிய வரி எழுதினா அந்த வக்கீல் முதல் ஜாடியக் காட்டி, அப்ப இது பொய்யான்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது? அந்த அக்கா கேஸே அதோட போயிடும்.”

எல்லோரும் காப்பாட்சியரைப் பார்த்தோம். அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். ஏணியை அவரே இழுத்துப் போட்டு, அந்த வயதில் அவரே ஏறி, பலகையைக் கழற்றினார். பிடித்துக்கொள்ளக் கீழே ஓடினேன்.

“எழுத்து என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு” என்று என்னிடம் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரை அன்றைக்கு மதித்ததுபோல் வேறு எந்த அதிகாரியையும் நான் மதித்ததில்லை. விவசாய இலாகாக்காரர் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார், தெரிவிக்கவும் செய்தார். காப்பாட்சியருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த முறை வரவில்லை.

பெட்டியை மறுபடி அமைத்தோம். மூன்றாவது ஜாடி நடுவில், கண்ணுக்கு நேராக. பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் ஜாடிக் கூழ், இன்னொன்றில் நெற்கதிரிலிருந்து பிதுக்கிய பால், இரண்டிலும் டிங்க்சர் விட்டு ஒரே நிறத்தில். மேலே புதிய பலகை. அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை:

‘குஞ்சுகளின் பையில் பூச்சி இருந்தது. அதே பருவத்தில் பெரிய பறவைகளின் பையில் மாவுச்சத்து இருந்தது. அது பால் பிடித்த நெல்லாக இருக்கலாம். புல் விதையும் கலந்திருக்கலாம். ஒரு வயலில் மட்டும் முன்னதாகக் கதிர் வந்தால் குருவிகள் எல்லாம் அங்கே கூடுமா? எங்களுக்கு இன்னும் தெரியாது.’

அரசாங்கப் பலகையில் ‘எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்று எழுதியபோது தூரிகையை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன். வேலை போய்விடுமோ என்றுதான் பயம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், பழைய பலகையைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு நகர்ந்த கூட்டம், இதன் முன்னால் நின்று ஒருவரோடு ஒருவர் வாதாட ஆரம்பித்தது. எங்க ஊர்ல அப்படித்தான், இல்லை இல்லை அது கொக்கு என்று ஒரே சத்தம்.

சொன்னபடியே காரியஸ்தர், குத்தகை வழக்கை விசாரிக்கிற அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அஞ்சலையும் சங்கத்துக்காரரும் பின்னால் வந்தார்கள். காரியஸ்தர் பெட்டிக்கு முன்னால் வந்ததும் திகைத்துப்போனார்.

“பலகைய மாத்திட்டாங்க சார்! நான் எழுதி வச்சிருக்கேன், பாருங்க!”

“மாத்தினது நாங்கதான். முன்னால் இருந்தது அரைகுறை” என்றார் காப்பாட்சியர். சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னார்.

அதிகாரி கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பலகையைப் படித்தார். ஜாடிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்து, “அம்மா, நேராவே கேக்குறேன். இந்தம்மா வயல்ல காணாமப் போன நெல்லு பூராவும் குருவி தின்னதுதான்னு ஒங்களால சொல்ல முடியுமா?”

“முடியாதுங்க.”

அஞ்சலையின் முகம் விழுந்துவிட்டது. சங்கத்துக்காரர் பல்லைக் கடித்தார். காரியஸ்தர் புன்னகையோடு துண்டைச் சரிசெய்தார்.

“சரி. குருவி தின்னிருக்காதுன்னு சொல்ல முடியுமா?”

“அதுவும் முடியாதுங்க. தின்னிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ஏன்னு காட்டவா?”

காட்டினார். ஜாடி, தட்டு, டிங்க்சர், முன்னதாக வந்த கதிர், பந்தி என்று எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி அவரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நிறம் மாறியதும் சின்னப் பையன்போல இன்னொரு சொட்டு விட்டார். பிறகு காரியஸ்தரிடம் திரும்பினார்.

“கதிர் நின்ன நெலையிலயே பதராப் போறதுக்கு இந்த டீச்சர் ஒரு காரணம் சொல்றாங்க. நடக்கக்கூடியதுதான்னு தெரியுது. மறைச்சு வித்தாங்கன்னு சொல்றது நீங்க. வாங்கினவன் யாரு, ஏத்தின வண்டி யாரோடது, அதைக் கொண்டாங்க. பலகையக் கொண்டாந்து பிரயோஜனம் இல்ல.”

காரியஸ்தரால் எதையும் கொண்டுவர முடியவில்லை. மனு தள்ளுபடியானது. தாளடியை அஞ்சலையே அறுத்தார், பதிவிலும் பெயர் ஏறியது. அந்த அதிகாரி ஜாடியைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கவில்லை, சாட்சிகளையும் விசாரித்தார். ஆனால் பழைய பலகை அந்தச் சுவரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கும்.

இத்தனையும் சொன்னது, ஜாடி நிலத்தைக் காப்பாற்றியது என்று பெருமை பேச அல்ல. கண்காட்சியின் கடைசி நாளை உங்களுக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பொருட்களை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். பரீதா டீச்சர் தன் ஜாடிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலை ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். நன்றி சொல்ல வந்தவர், சொல்லாமல் குருவிப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். வழக்கு நடந்த நாட்களில் பலகையைத்தான் பார்த்திருந்தார், குருவியைச் சரியாகப் பார்த்ததில்லை.

“பறக்கறதத்தான் பாத்திருக்கேன். இப்புடி நின்னு பாத்ததில்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தொடலாமா தம்பி?”

காட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாது. காப்பாட்சியர் மந்திரியின் வீட்டுப் பிள்ளையையே தொட விடாதவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் சாவியை எடுத்து வந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அஞ்சலை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குருவியின் மஞ்சள் தலையை மெல்லத் தடவினார். இறக்கையைத் தொட்டார். பிறகு விரல் நுனியை அலகின் மேல் வைத்து அளவு பார்ப்பதுபோல அப்படியே நிறுத்தினார்.

“ஒன்னாலதானடா என்னையக் களவாணின்னாங்க” என்றார். அதைச் சொல்லும்போதே அவர் குரலில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சரம்மா, இத்துனூண்டு வாயா இருக்கே. நெசமாவே அம்புட்டையும் இதுங்கதான் தின்னுச்சா?”

டீச்சர் கையில் மூன்றாவது ஜாடியோடு எழுந்து வந்தார். “தெரியலக்கா. இன்னும் பாக்கணும்.”

“கோர்ட்டுக்காரருகிட்டயும் இதத்தானே சொன்னீங்க!” என்று அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். காப்பாட்சியர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். சிரித்து முடித்ததும் அஞ்சலை, “அப்ப வர்ற குறுவைக்கு வாங்க. என் வரப்புலயே உக்காந்து பாருங்க, நானும் கூட உக்காந்துக்கறேன்” என்றார்.

குறுவை வந்தது. டீச்சர் போய் உட்கார்ந்தார்.